கைவினைப் பொருள் விற்க அட்டையில் ஒரு ஸ்டாண்ட்: வெட்டுவது முதல் மடித்து எடுத்துப் போவது வரை

காதணி, சாவிக்கொத்து, புத்தகக் குறி, குட்டி ஓவியம் என்று கையால் செய்த சின்னப் பொருள்களை மேசைமேல் பரப்பி வைத்தால் ஒரு தொல்லை உண்டு. மேசைக்கு நேர் முன்னால் வந்து குனிந்து பார்ப்பவருக்கு மட்டும்தான் அவை தெரியும். நாலு எட்டு தள்ளிப் போகிறவர் கண்ணில் படுவது மேசை விரிப்பு மட்டுமே. அதே பொருள்களை நிமிர்த்தி, கொஞ்சம் பின்னால் சாய்த்து நிறுத்தினால் போகிற போக்கிலேயே கண்ணை இழுக்கும். அதற்குத்தான் ஸ்டாண்ட். மரத்திலோ அக்ரிலிக்கிலோ வாங்கலாம்தான். ஆனால் முதன்முதலாகக் கடை போடுகிறவருக்கு அட்டையே போதும். அளவு சரியில்லையென்றால் இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம். கனமும் இல்லை, மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம்.

இங்கே நான் சொல்லப் போவது கூடார வடிவ ஸ்டாண்ட். இரண்டு பலகைகள் உச்சியில் சேர்ந்து, கீழே விரிந்து நிற்கும். முன்பக்கம் மூன்று வரிசைத் தட்டு. வேண்டுமானால் பின்பக்கமும் மூன்று. இணைப்புப் பட்டைகளைக் கழற்றினால் தட்டையாக மடங்கிவிடும்.

முதலில் பொருளை அளந்துகொள்ளுங்கள்

நிறையப் பேர் வீட்டில் கிடக்கிற பெட்டியை எடுத்து, அது எந்த அளவில் இருக்கிறதோ அந்த அளவுக்கே ஸ்டாண்ட் செய்துவிட்டு, அப்புறம் பொருளை அதில் அடைக்கப் பார்க்கிறார்கள். கார்டின் பாதி தட்டுக்குள் மறைந்துவிடும், அல்லது இரண்டு வரிசைக்கு நடுவே விரல் நுழையாது. தலைகீழாகச் செய்யுங்கள். விற்கப் போகும் பொருளைத் தரையில் வரிசையாக, கடையில் எப்படித் தெரிய வேண்டுமோ அப்படி அடுக்குங்கள். சுற்றிலும் கோடு போட்டு அளந்தால் அதுதான் உங்கள் பலகை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 6 செ.மீ. அகலம், 9 செ.மீ. உயரமுள்ள கார்டுகளில் காதணிகளைக் குத்தி வைத்திருக்கிறீர்கள். ஒரு வரிசைக்கு 4 கார்டு என்றால் 24 செ.மீ.; நடுவிலும் ஓரங்களிலும் ஒவ்வொரு செ.மீ. இடைவெளி விட்டால் 29. ஆகப் பலகையின் அகலம் 30 செ.மீ. உயரத்தில், 9 செ.மீ. கார்டுக்கு மேலே விரல் விட்டு எடுக்க 3 செ.மீ. வேண்டும், ஒரு வரிசைக்கு 12, மூன்று வரிசைக்கு 36. கீழே 4 செ.மீ., மேலே கடைப் பெயர் எழுத 5 செ.மீ. மொத்தம் 45. உங்கள் பொருள் வேறு அளவென்றால் இதே வழியில் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் முதல் ஸ்டாண்டை 50 செ.மீ.க்கு மேல் உயர்த்த வேண்டாம். உயரம் கூடினால் கவிழவும் வாய்ப்புக் கூடும். அதோடு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களையும் அது மறைத்துவிடும்.

அட்டையும் அதன் நெளிவும்

பெட்டி அட்டையின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு தட்டைத் தாள்களுக்கு நடுவே அலை அலையாக ஒரு தாள் ஓடும். அதுதான் நெளிவு. ஒரு நெளிவு இருந்தால் 3 பிளை, இரண்டு நெளிவு இருந்தால் 5 பிளை. சாதாரண 3 பிளை அட்டை 3 அல்லது 4 மி.மீ. கனம் இருக்கும், 5 பிளை 6, 7 மி.மீ. வரை வரும். பலகைக்கு 5 பிளை நல்லது. கிடைக்கவில்லையென்றால் 3 பிளை இரண்டை ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது ஒன்றின் நெளிவு நெடுக்காகவும் மற்றொன்றின் நெளிவு குறுக்காகவும் இருக்கட்டும். அப்போதுதான் எந்தப் பக்கமும் வளையாது.

நெளிவு ஓடும் திசையைத் தவறவிட்டால் மற்ற வேலையெல்லாம் சுத்தமாக இருந்தும் பயன் இல்லை. ஒரு துண்டை எடுத்து இரு கையாலும் வளைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சட்டென்று மடங்கும், மறுபக்கம் எதிர்த்து நிற்கும். நெளிவுகள் மேலிருந்து கீழாக நின்றால் ஒவ்வொன்றும் ஒரு குட்டித் தூண், பாரத்தைத் தாங்கும். குறுக்கே படுத்திருந்தால் பலகை நடுவில் கூன் போடும். காலையில் நேராக நின்ற ஸ்டாண்ட் மாலைக்குள் வயிறு தள்ளி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஆகவே பலகையின் 45 செ.மீ. உயரப் பக்கமாக நெளிவு ஓட வேண்டும். வெட்டும் முன்பே பென்சிலால் ஓர் அம்புக்குறி போட்டுவிடுங்கள்.

பழைய பெட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழுந்து அப்படியே கிடந்தால் நெளிவு செத்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியை விட்டுவிடுங்கள். ஈரம் பட்டுக் காய்ந்த அட்டையும் வேண்டாம். மெழுகு பூசியதில் பசை பிடிக்காது. பழைய மடிப்புக் கோடு பலகையின் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், எவ்வளவு ஒட்டினாலும் அந்த இடம் மறுபடியும் மடங்கவே பார்க்கும்.

தேவையானவை

பலகைக்கு 5 பிளை அட்டை. தட்டுகளுக்கு மெல்லிய, நெளிவில்லாத அட்டை. புதுச் சட்டை வரும் பெட்டி மாதிரி இருந்தால் போதும். பிளேடை உடைத்து உடைத்துப் பயன்படுத்தும் கட்டர், இரும்பு ஸ்கேல், பென்சில், மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை, துணி டேப், மேலே ஒட்ட ஏதாவது ஒரு தாள், அடியில் போட்டு வெட்ட ஒரு பழைய அட்டை. பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து வெட்டாதீர்கள். பிளேடு ஸ்கேலையே சீவிக்கொண்டு போகும், சில சமயம் விரல்மேலும் ஏறிவிடும்.

சூடாக்கி ஒட்டும் குளூ கன் பற்றிக் கேட்பீர்கள். வேகமாக ஒட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் அந்தப் பசை இளகும். பாரம் தாங்கும் இடங்களுக்கு வெள்ளைப் பசைதான் என் தேர்வு. அது காய்வதற்குள் துண்டு நகராமல் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் இரண்டு சொட்டு குளூ கன் வைக்கலாம்.

பலகை வெட்டுதல்

30 × 45 செ.மீ. அளவில் இரண்டு பலகை வரைந்துகொள்ளுங்கள். மூலைகள் நேர்க்கோணமா என்று பார்க்க ஒரு புத்தகத்தின் மூலையை வைத்துப் பார்த்தாலே போதும். ஒரு பலகை கொஞ்சம் கோணலாகப் போனாலும் ஸ்டாண்ட் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடும்.

ஒரே இழுப்பில் வெட்டி முடித்துவிட நினைக்காதீர்கள். முதல் இழுப்பில் மேல் தாள் மட்டும் அறுபடட்டும். அடுத்ததில் நெளிவு. கடைசி இழுப்பில் அடித் தாள். 5 பிளை என்றால் இன்னும் ஓரிரு இழுப்பு. அழுத்தி வெட்டினால் நெளிவு நசுங்கி ஓரம் பிசிறடிக்கும். வெட்டும்போது சரக்கென்று கிழிகிற சத்தம் வந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. முனையை உடைத்துப் புதுசுக்கு மாறுங்கள். மழுங்கிய பிளேடுக்கு அழுத்தம் அதிகம் வேண்டும், கை வழுக்குவதும் அப்போதுதான். ஸ்கேலைப் பிடிக்கும் விரல்கள் ஓரத்திலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருக்கட்டும். உடைத்த முனைகளை ஒரு சின்ன டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

மேலே தாள் ஒட்டுதல்

இதைப் பலகைகளை இணைப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும், பிறகு மூலை முடுக்கில் கை போகாது. நிறம் உங்கள் விருப்பம். ஆனால் பளபளப்பான தாள் வேண்டாம். வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசும், பொருள் தெரியாது. வெள்ளி, பித்தளை நிறப் பொருளுக்குக் கருமையான பின்னணி. பல வண்ண நூல், மணி வேலைக்கு வெளிர் நிறமோ, சாதாரணப் பழுப்புத் தாளோ. பூப்போட்ட தாளில் பூப்போட்ட காதணியை மாட்டி வைத்தால் எது தாள், எது காதணி என்று தேட வேண்டியிருக்கும்.

வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசுங்கள். தாளை நடுவில் வைத்து, உலர்ந்த துணியால் ஓரத்தை நோக்கித் தடவுங்கள். நாலு பக்கமும் 2 செ.மீ. அதிகம் விட்டு, மூலைகளைச் சாய்வாக வெட்டிப் பின்பக்கம் மடித்து ஒட்டினால் நெளிவு தெரியும் ஓரங்களும் மறைந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் தாள் ஒட்டினால் காயும்போது அது சுருங்கிப் பலகையை வளைத்து இழுக்கும். உள்பக்கம் யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடாமல் அங்கேயும் ஒரு தாள் ஒட்டுங்கள். பழைய செய்தித்தாள்கூடப் போதும். இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். அப்புறம் கனமான புத்தகங்களை மேலே ஏற்றி ஓர் இரவு விடுங்கள். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வளைவது நிச்சயம்.

தட்டு செய்வது

கார்டு உட்காரும் தட்டுதான் இதில் நுணுக்கமான பகுதி. மெல்லிய அட்டையில் 30 செ.மீ. நீளம், 6.5 செ.மீ. அகலமுள்ள பட்டை வெட்டுங்கள். நீளவாக்கில் இரண்டு கோடு: முதல் கோடு 3 செ.மீ.யில், அடுத்தது அங்கிருந்து 2 செ.மீ.யில். மீதி 1.5 செ.மீ. மை தீர்ந்த பேனாவை ஸ்கேல் ஓரமாக வைத்து, இரண்டு மூன்று தடவை அழுத்தி இழுங்கள். அட்டை கிழியாமல் ஒரு பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தில் மடித்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும். வெறும் கையால் மடித்தால் மடிப்பு நேராக வராது.

இப்போது 3 செ.மீ. பகுதி முதுகு, 2 செ.மீ. தளம், 1.5 செ.மீ. முன் தடுப்பு. முதுகு மேல்நோக்கி இருக்கும்படி பலகையில் ஒட்டுங்கள். கார்டுக்குப் பின்னால் அது மறைந்துவிடும். பலகையின் அடி விளிம்பிலிருந்து 4, 16, 28 செ.மீ. உயரங்களில் கோடு போட்டு, தளம் சரியாக அந்தக் கோட்டில் வரும்படி ஒட்டினால் மேலே போட்ட கணக்கு பொருந்தும். முதுகு முழுக்கப் பசை தடவி, துணி உலர்த்தும் கிளிப்போ கனமோ வைத்துக் காயவிடுங்கள்.

ஒட்டியபின் விரலால் தளத்தை லேசாகக் கீழே அழுத்திப் பாருங்கள். மடிப்பு விரிந்து கொடுக்கிறதா? கொடுக்கும். கார்டுகளை வைத்தாலும் அப்படித்தான் மெல்ல மெல்லத் தொங்கும். அதனால் இரு முனையிலும், நடுவில் ஓர் இடத்திலும் சின்னத் தடுப்புத் துண்டு தேவை. 2 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரம், மூன்று ஓரத்திலும் அரை செ.மீ. ஒட்டுமடிப்பு. இதை முதுகு, தளம், முன் தடுப்பு மூன்றோடும் சேர்த்து ஒட்டினால் தட்டு விறைத்துவிடும், கார்டும் பக்கவாட்டில் நழுவாது. நடுத் தடுப்பு சரியாக இரண்டு கார்டுக்கு இடையில் வருகிறதா என்று ஒட்டும் முன் பாருங்கள்.

முன் தடுப்பை 1.5 செ.மீ.க்கு மேல் உயர்த்தினால் பாதுகாப்பாக இருக்கும் என்று தோன்றும். வேண்டாம். கார்டின் அடியில் விலையோ பெயரோ எழுதியிருந்தால் மறைந்துபோகும். பலகை பின்னால் சாய்ந்திருப்பதால் தளமும் உள்நோக்கிச் சரிந்திருக்கும், கார்டு தானாகவே முதுகில் சாய்ந்து நிற்கும்.

நிறுத்துவது

இரண்டு பலகைகளின் மேல் விளிம்புகளையும் சேர்த்து, தட்டில்லாத உள்பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, உச்சியில் துணி டேப் ஒட்டுங்கள். அதுதான் கீல். பலகையின் கனம் தடுக்காமல் திறந்து மூட, விளிம்புகளுக்கு நடுவே ஒரு மி.மீ. விட்டு ஒட்டுவது நல்லது. பிறகு திறந்து, உள்பக்கமும் ஒரு டேப்.

இப்போது மேசைமேல் விரித்து நிறுத்துங்கள். 45 செ.மீ. பலகைக்கு அடியில் 23 செ.மீ. விரிவு இருந்தால் ஒவ்வொரு பலகையும் சுமார் 15 பாகை சாயும். பார்க்கவும் எடுக்கவும் இது வசதியான சாய்வு. விரிவு குறைந்தால் இடித்தவுடன் விழும். அதிகமானால் கார்டுகள் வானத்தைப் பார்க்கும்.

அந்த விரிவைப் பிடித்து வைக்க இரண்டு இணைப்புப் பட்டைகள் வேண்டும். 5 பிளை அட்டையில் 27 செ.மீ. நீளம், 6 செ.மீ. உயரம். பட்டையிலும் பலகையிலும் பாதிப் பாதி காடி வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று செருக வேண்டும். காடி என்றால் அட்டையின் கனத்துக்கு வெட்டிய பிளவு, அவ்வளவுதான். பலகைகளின் அடி விளிம்பில், இரு ஓரத்திலிருந்தும் 5 செ.மீ. தள்ளி, 3 செ.மீ. உயரத்துக்குக் காடி வெட்டுங்கள். பட்டையில் காடி சாய்வாக வர வேண்டும், இங்கேதான் பலரும் பாகைமானியைத் தேடுவார்கள். தேவையில்லை. விரித்து நிறுத்திய ஸ்டாண்டின் பக்கவாட்டில் பட்டையை மேசைமேல் நிமிர்த்தி ஒட்டினாற்போல் வைத்து, பலகைகளின் விளிம்பை ஒட்டியே பட்டையில் பென்சில் கோடு போடுங்கள். சாய்வு தானாக வந்துவிடும். அந்தக் கோடுகளில் பட்டையின் மேல் விளிம்பிலிருந்து பாதி உயரம், அதாவது 3 செ.மீ., வெட்டினால் முடிந்தது.

காடியின் அகலம் தாள் ஒட்டிய பிறகுள்ள கனத்துக்கு இருக்க வேண்டும். 6 மி.மீ. பலகை இரண்டு பக்கமும் தாள் ஏறினால் கொஞ்சம் தடித்திருக்கும். முதலில் மிச்சத் துண்டில் வெட்டிச் செருகிப் பாருங்கள். லேசாக இறுக்கிக்கொண்டு இறங்கினால் சரி. தளர்ந்தால் ஸ்டாண்ட் ஆடும். அந்த இடத்தில் ஒரு காகிதத் துண்டை மடித்து வைத்துச் சமாளிக்கலாம்.

பட்டைகள் இரண்டும் செருகியபின் கூடாரத்துக்குள் அவற்றின் குறுக்கே ஓர் அட்டையைப் போட்டு, அதன்மேல் மணல் கட்டிய பையோ தட்டைக் கல்லோ வையுங்கள். வெளியில் கடை போடுகிறவர்கள் இதைத் தவறவே விடக் கூடாது. பலகை பெரிது, கனமோ இல்லை. காற்றுக்கு அது பாய்மரம்தான். எல்லாக் கார்டையும் வைத்துவிட்டு மேசையை இடுப்பால் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். கடையில் யாராவது எப்படியும் அதைச் செய்வார்கள்.

கார்டு இல்லாத பொருளுக்கு

சாவிக்கொத்து, வளையமுள்ள தொங்கல் போன்றவற்றுக்குத் தட்டுக்குப் பதில் கொக்கி வேண்டும். திருகும் கொக்கி அட்டையில் நிற்காது, இரண்டு நாளில் துளை பெரிதாகிப் பிடுங்கிக்கொள்ளும். இரண்டு காலையும் விரித்து மடக்கும் பித்தளைத் தாள் பின்னைப் பலகையில் குத்தி, பின்பக்கம் கால்களை விரித்து, மேலே டேப் ஒட்டுங்கள். தலையைச் சற்று வெளியே விட்டால் அதில் வளையம் மாட்டலாம். கனமானதை மாட்டாதீர்கள்.

நிற்கும் பொம்மை, குட்டி ஜாடி மாதிரிப் பொருளுக்கு இந்த ஸ்டாண்டே வேண்டாம். 5, 10, 15 செ.மீ. உயரத்தில் மூடிய பெட்டிகள் மூன்றைப் படிபோல முன்னும் பின்னும் வைத்து, ஒரே துணியைப் போர்த்திவிடுங்கள். பின்படியில் உள்ளது மறையாது. பெட்டிக்குள் கனத்துக்கு எதையாவது அடைத்தால் நகராது. அரை மணி நேர வேலை.

கடைக்குக் கொண்டு போகும்போது

பெயரும் விலையும் கொட்டை எழுத்தில் இருக்கட்டும். நாலடி தள்ளி நின்று உங்களால் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். விலை தெரியாவிட்டால் கேட்கக் கூச்சப்பட்டே பலர் நகர்ந்துவிடுவார்கள். அதிகம் விற்க நினைப்பதை நடு வரிசையில் வையுங்கள். கீழ் வரிசையில் கண் கடைசியாகத்தான் போகும்.

மடிக்கும்போது இணைப்புப் பட்டைகளைக் கழற்றி, எந்தப் பக்கத்துப் பட்டை, எந்த முனை முன்னால் என்று பென்சிலால் குறித்துவிடுங்கள். கையால் வெட்டிய காடி ஒவ்வொன்றும் கொஞ்சம் வேறுபடும். மாற்றிச் செருகினால் ஒன்று இறுக்கும், ஒன்று ஆடும். தட்டுகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் மடித்த ஸ்டாண்டின் மேல் எதையும் ஏற்ற வேண்டாம். பையில் நிமிர்த்தி வையுங்கள். துணி டேப், ஒரு கட்டர், வெட்டி வைத்த ஒரு தட்டுப் பட்டை ஆகியவற்றையும் அதோடு போட்டுக்கொண்டால் நடுவில் எது பிய்ந்தாலும் அங்கேயே ஒட்டிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் ஈரக் காற்றே அட்டையைத் தளர்த்திவிடும். தரையில் நேரடியாக வைக்காமல் உயரமான இடத்தில், பிளாஸ்டிக் உறைக்குள் வையுங்கள். முதலில் நைந்துபோவது அடி விளிம்புதான்; அங்கே மட்டும் துணி டேப்பை மடித்து ஒட்டினால் இன்னும் கொஞ்ச காலம் ஓடும். எல்லாம் போனபிறகும் பலகையையும் பட்டையையும் தூக்கி எறியாதீர்கள். அடுத்த ஸ்டாண்டுக்கு அவற்றைப் புது அட்டைமேல் வைத்துச் சுற்றிக் கோடு போட்டால் போதும், அளவெடுக்கும் வேலை மிச்சம்.